பல்லழகியின் பெயர்

அபேகே மண்டியிட்டபடி கூழ்க் கிண்ணத்தை நீட்டியபோது அவளுடைய வலது முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. கட்டிலில் கண்மூடிக் கிடந்த மொராயோவுக்கே அது கேட்டுவிட்டது.

"எந்திரி முதல்ல," என்றாள் மொராயோ. "அம்பத்தேழு வயசுல முட்டியை உடைச்சுக்கிட்டு யாருக்காக இந்தக் கூத்து? ரூம்ல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்."

"உங்களுக்காகத்தான். வாயைத் திறங்க."

"எனக்கு ஈரலே பாதி இல்ல. என்னை யாருன்னு நெனச்சு மண்டி போடறே?"

"என் சின்னப் புருஷன்னு நெனச்சு. பேசாம குடிங்க, ஆறிடும்."

மொராயோ சிரிக்கப் பார்த்தாள். பாதிச் சிரிப்பிலேயே இருமல் வந்து, குடித்த சோளக்கூழில் ஒரு வாய் வெளியே வந்துவிட்டது. அபேகே தன் இடுப்புத் துணியின் நுனியால் துடைத்தாள். அந்தத் துணியில் எப்போதும் மிளகாய் வற்றல் நெடி இருக்கும். இலேஷா சந்தையில் முப்பது வருஷமாக மிளகாய் மண்டி நடத்துகிறவளின் துணியில் வேறென்ன வாசம் அடிக்கும்?

நாற்பத்துநாலு வயதுக்காரி கட்டிலில் கிடந்துகொண்டு 'நீ' என்கிறாள், ஐம்பத்தேழு வயதுக்காரி தரையில் மண்டியிட்டு 'நீங்க' என்கிறாள். அந்த வீட்டில் அதை யாரும் விநோதமாகப் பார்த்ததில்லை. அங்கே பிறந்த தேதிக்கு மதிப்பில்லை, வீட்டுக்குள் நுழைந்த தேதிக்குத்தான் மதிப்பு. மொராயோ பிறந்தே அந்த வீட்டுக்குள் நுழைந்தவள். அவளுக்கு ஏழு வயதாகும்போது அவள் அண்ணன் இஷோலாவைக் கட்டிக்கொண்டு அபேகே வந்தாள். ஆகவே பல் விழுந்த அந்த ஏழு வயதுப் பெண், அபேகேவுக்குப் பெரியவள். புருஷனோடு பிறந்த எல்லோரும், பெண்பிள்ளைகள் உட்பட, வந்தவளுக்குப் புருஷன்தான். பெயர் சொல்லக் கூடாது. ஆனால் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே, அதற்காக மருமகள் ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொள்வாள்.

கல்யாணத்தன்று வாசல்படியில் அபேகேவின் காலில் தண்ணீர் ஊற்ற அந்தச் சிறுமியைத்தான் நிறுத்தியிருந்தார்கள். முன்பற்கள் இரண்டும் இல்லாமல் அவள் ஈ என்று இளித்தாள். அபேகேவுக்கு இருபது வயது, பயந்துபோயிருந்தாள். ஆனாலும் அந்த இளிப்பைப் பார்த்ததும் குறும்பு வந்துவிட்டது. "இவங்களை நான் பல்லழகின்னு கூப்பிடறேன்," என்றாள். கூட்டமே சிரித்தது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மாமியார் போய்ச் சேர்ந்தாள். எட்டு வயதுப் புருஷனைக் குளிப்பாட்டுவதும் தலை பின்னுவதும் அபேகே தலையில் விழுந்தது. "கண்ணை மூடிக்குங்க, சோப்பு பட்டுடும்" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே முதுகு தேய்த்தாள். பத்து வயதில் ஒரு நாள் பல்லழகி, ஓடுகிற கொக்கோ லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனாள். அபேகே துரத்திப் போய் இழுத்து இறக்கி, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். விஷயம் குடும்பத் தலைவர் பாபா அலாவோ காதுக்குப் போயிற்று. புருஷனை அடித்தவள் என்று, கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் அபேகேவை அந்தப் பெண்ணிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அறை வாங்கியபோது அழாத பிள்ளை, அவள் மண்டியிட்டதைப் பார்த்து ஓவென்று அழுதது. சாயங்காலம் வரை அபேகேவின் துணியைப் பிடித்த பிடி விடவில்லை.

"போதும்," என்று மொராயோ கிண்ணத்தைத் தள்ளினாள். மூன்று கரண்டி இறங்கியிருந்தது. இபாதானில் பெரிய மருந்துக்கடையில் இருபது வருஷம் மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவள், தன் உடம்புக்கு எது மிச்சம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதான் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ஹாஸ்டல்ல என்னை விட்ட அன்னிக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இல்லாம? எல்லாரோட அம்மாவும் போயாச்சு. நீங்க மாடி ஜன்னல்ல நின்னுக்கிட்டு, போகாதே போகாதேன்னு கையை ஆட்டுறீங்க. மணி அடிக்கற வரைக்கும் கேட்லயே நின்னேன். காவல்காரன் என்னைப் பைத்தியம்னு நெனச்சான்."

"கடைசியா போனது நீதான்." மொராயோ ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அங்கேயும் அப்படி நிக்கணும்."

எங்கே என்று அபேகே கேட்கவில்லை.

"உன்னை விட மாட்டாங்க," என்றாள் மொராயோ. "நீ வளத்தவ. சின்னது போகும்போது பெரியவங்க குழிப்பக்கம் வரக் கூடாதும்பாங்க. அண்ணனையும் உன்னையும் வீட்டுக்குள்ள உக்கார வச்சிட்டு, பசங்க தூக்கிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்துடுவாங்க."

"நான் வருவேன்."

"எப்படி?"

"அது என் பாடு. உங்க பாடு, கூழு குடிக்கறது."

மொராயோ அவள் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பிறகு, "இன்னொண்ணு," என்றாள். "என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு."

"ஏன், பல்லழகிக்கு என்ன குறைச்சல்?"

"அது நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா என்னை எப்படிக் கூப்பிட்டாங்கன்னு மறந்துபோச்சு. குரலே ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது. நீ கூப்பிட்டா வரும்னு தோணுது."

அபேகே வாயைத் திறந்தாள். சந்தையில் பேரம் பேசினால் நாலு கடை தாண்டிக் கேட்கிற குரல் அவளுடையது. இந்த மூன்று எழுத்துக்கு நாக்கு எழவில்லை. முப்பத்தேழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு, தள்ளினால் உடனே திறந்துவிடுமா? வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நாளைக்குக் காலைல கூப்பிடறேன்," என்றாள்.

"நாளைக்கா," என்று சொல்லி மொராயோ கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, சந்தையிலிருந்து திரும்புகிற வண்டிகள் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, மொராயோ ஒரு மூச்சை வெளியே விட்டாள். அபேகே அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அப்போதாவது பெயரைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள், "பல்லழகி" என்றுதான் வந்தது. பிறகு அழுகை வந்தது. தான் பெற்றது லான்ரேவோடு சேர்த்து இரண்டு, ஆனால் முதல் பிள்ளை இவள்தான் என்பதை அபேகே யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது, ஒருத்தி தன் புருஷனைப் பிள்ளை என்பாளா?

வயசாகி இறந்தவர்கள் என்றால் மேளம், விருந்து, ஊரெல்லாம் ஒரே துணியில் சட்டை என்று அமர்க்களப்படும். பாதியில் போனவளுக்கு அதெல்லாம் கிடையாது. மறுநாள் காலையிலேயே உறவுக்காரர்கள் கூடத்தில் கூடிவிட்டார்கள், சத்தமில்லாமல் நாற்காலிகள் போட்டார்கள். பாபா அலாவோ நடுவில் உட்கார்ந்தார். எண்பத்திரண்டு வயது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், அதை இப்படியும் அப்படியுமாக மடித்துக்கொண்டே இருந்தார்.

"பதினோரு மணிக்கு சர்ச் கல்லறைக்கு எடுத்துடலாம்," என்றார். "லான்ரேவும் மத்த பசங்களும் போகட்டும். அவளுக்குக் கீழ உள்ளவங்க மட்டும். இஷோலா, நீ வீட்ல இரு. நானும் இங்கதான் இருக்கப் போறேன். புதுப்பொண்ணு, நீயும் உள்ள போய் உக்காரு."

பேரன் எடுக்கிற வயதிலும் அந்த வீட்டில் மூத்தவர்களுக்கு அபேகே புதுப்பொண்ணுதான்.

"இது தண்டனை இல்லம்மா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ அவளுக்கு அம்மா மாதிரி. குளிப்பாட்டி, படிக்க வச்சு, கடைசி வரைக்கும் பாத்தவ. அம்மா கண்ணு அந்தக் குழியைப் பாக்கக் கூடாது. உனக்காகத்தான் சொல்றேன்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முப்பத்தேழு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அபேகேவை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேறொரு நாளில் சொல்லியிருந்தால் அவள் மனம் குளிர்ந்துபோயிருக்கும். இன்றைக்கு அது காலைக் கட்டிப்போடுகிற கயிறாக இருந்தது.

அபேகே கூடத்தின் நடுவுக்கு வந்து மண்டியிட்டாள். முழங்கால் மறுபடி சடக்கென்றது.

"பாபா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு என் கால்ல தண்ணி ஊத்துனது யாரு?"

பாபா அலாவோவின் முகம் சற்று இளகியது. "அவதான். செம்பைத் தூக்க முடியாம பாதித் தண்ணியை என் செருப்புல கொட்டிட்டா."

"அப்ப நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் தொப்பியை மடிப்பதை நிறுத்தினார்.

"நானே சொல்றேன். 'இவ உன் புருஷன். உனக்கு முந்தி இந்த வீட்டுக்கு வந்தவ. பேர் சொல்லாதே, எதிர்த்துப் பேசாதே.' சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"லாரியில தொத்துனாங்கன்னு நான் அறைஞ்சப்ப? இதோ, இதே எடத்துலதான் மண்டி போட வச்சீங்க. 'சின்னவ பெரியவளை அடிக்கலாமா'ன்னு கேட்டீங்க. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அன்னிலேருந்து நேத்து மத்தியானம் கூழ் கொடுத்தது வரைக்கும் மண்டி போட்டுத்தான் கொடுத்தேன். முப்பத்தேழு வருஷமா நான் சின்னவ பாபா. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எப்படிப் பெரியவளானேன்?"

தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் பாபாவைப் பார்த்தார்கள். வெளியே யாருடைய கோழியோ கொக்கரித்தது.

பாபாவின் மகன் தோக்குன் தொண்டையைக் கனைத்தான். நகராட்சியில் வேலை பார்க்கிறவன், எதற்கும் ஒரு விதி வைத்திருப்பான். அபேகேவை விட ஐந்து வயது சிறியவன். கல்யாணத்தின்போது வீட்டில் இருந்தான் என்பதால் அவனும் புருஷன், அப்போதே எந்நேரமும் நோட்டும் பேனாவுமாகத் திரிந்த அவனுக்கு அவள் வைத்த பெயர் 'எழுத்தர் ஐயா'.

"அது வேற, இது வேற," என்றான் தோக்குன். "மண்டி போடறது மரியாதைக்கு. இது வயசு விஷயம். வயசுல நீ பெரியவதானே?"

"அப்படியா? சரி," என்று அபேகே தரையில் கை ஊன்றி எழுந்தாள். "பெரியவளாவே இருந்துக்கறேன். தோக்குன், எந்திரி. எனக்கு முட்டி வலிக்குது, அந்த நாற்காலியைக் குடு."

தோக்குன் தன்னையும் அறியாமல் பாதி எழுந்துவிட்டான். பாதி எழுந்த பிறகு, முழுக்க எழுவதா, மறுபடி உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். அவன் பெண்டாட்டி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ அழுகையை அடக்கினாளோ, தெரியவில்லை.

"இப்படிக் கூப்பிடவா, பழையபடி எழுத்தர் ஐயான்னு கூப்பிடவா, நீங்களே சொல்லுங்க பாபா," என்றாள் அபேகே. "எனக்கு ரெண்டும் சம்மதம். பெரியவன்னா இந்தக் கூடத்துல பாதிப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறேன், எனக்கு அவங்க மண்டி போடணும். சின்னவன்னா நான் கல்லறைக்குப் போகணும். ஆனா காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு மாத்தாதீங்க. எனக்கு அது கட்டுப்படியாகாது."

பாபா அலாவோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, கோபமோ என்று எல்லோரும் பயந்தார்கள். பிறகு பார்த்தால் கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறி, மடித்து வைத்திருந்த தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

"உன்னை மிளகாய் விக்க விட்டது தப்பு," என்றார் கடைசியில். "கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கணும்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "தோக்குன், உக்காரு. நீ போயிட்டு வா, புதுப்பொண்ணு."

தீர்ப்பு வந்துவிட்டது. அபேகே திரும்பி, "உக்காருங்க, எழுத்தர் ஐயா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தோக்குன் நிம்மதியாக உட்கார்ந்தான்.

இஷோலா அவள் பின்னாலேயே வந்தான். அண்ணன்காரன், எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெரியவன், கல்லறைக்குப் போக அவனுக்கு எந்த வழியும் இல்லை. அலமாரிக்கு அடியில் குனிந்து எதையோ தேடினான். தட்டையான தன்னுடைய ரப்பர் செருப்பை எடுத்துத் துடைத்து அவள் கால்பக்கம் வைத்தான்.

"லான்ரே அம்மா, அங்க செம்மண்ணு. மழை பேஞ்சிருக்கு, உன் செருப்பு வழுக்கும்," என்றான்.

"உங்களுது எனக்குப் பெருசா இருக்குமே."

"இருக்கட்டும். போட்டுக்கிட்டுப் போ." வாசல் வரை போய்த் திரும்பினான். "தலை மேற்குப் பக்கம் இருக்கான்னு பாரு. பசங்க அவசரத்துல மாத்தி வச்சிடுவாங்க."

"பாக்கறேன்."

மருமகள் தோலானிதான் காரை ஓட்டினாள். லாகோஸில் வளர்ந்த பெண். கல்யாணமாகி வந்த முதல் வாரமே கொழுந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டையே திடுக்கிட வைத்தவள். அன்று அபேகே பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். ஒரு மாதம் போனதும் பழகிவிட்டது. ஒரு வருஷம் போனதும், தனியாக இருக்கும்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் தோலானி. "இந்த வழக்கமே தப்புன்னு நேரா சொல்லியிருக்கலாம். நான் உங்க பக்கம் பேசியிருப்பேன்."

"சொல்லியிருக்கலாம். நாளைக்கு நீ சொல்லு, நான் உன் பக்கம் பேசறேன்," என்றாள் அபேகே. "எனக்கு இன்னிக்குப் பதினோரு மணிக்கு வேலை இருக்கு. நல்லது கெட்டதைப் பேசித் தீத்துட்டுப் போனா, அவங்களைப் புதைச்சு முடிச்சிருப்பாங்க. பெரியவங்க சாவியை வச்சே பெரியவங்க பூட்டைத் தொறந்தேன். வண்டியைக் கொஞ்சம் வேகமா ஓட்டு."

கல்லறையில் பாதிரியார் சுருக்கமாக முடித்தார். லான்ரேவும் மற்ற பையன்களும் பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். இஷோலா பயந்தது சரிதான், தலையைக் கிழக்கே வைக்கப் போனார்கள். "டேய், திருப்புங்கடா," என்று அபேகே போட்ட ஒரு சத்தத்தில் பையன்கள் கயிற்றை மாற்றிப் பிடித்தார்கள். பிறகு அவள் ஈரச் செம்மண்ணில் மண்டியிட்டு ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். இந்த முறை யாரும் எந்திரி என்று திட்டவில்லை. தோலானி கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மண்ணைத் தள்ளி மேடாக்கியதும் எல்லோரும் வண்டிப் பக்கம் நடந்தார்கள். லான்ரே திரும்பிப் பார்த்தான்.

"நீங்க போங்க. நான் கடைசியா வரேன்," என்றாள் அபேகே.

மேட்டின் தலைமாட்டில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, வெள்ளை அடித்த பலகையில் கறுப்புப் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். சர்ச்சுக்குப் பலகை எழுதுகிறவர். பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் எழுதியாயிற்று, குடும்பப் பெயரும் எழுதியாயிற்று. அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீட்டுல குடும்பப் பேர் மட்டும்தான் இருக்கும்மா," என்றார். "அவங்க பேரு என்ன?"

அபேகே வண்டிப் பக்கம் பார்த்தாள். லான்ரே கூப்பிடுகிற தூரத்தில்தான் இருந்தான். கூப்பிட்டால் ஓடிவந்து சொல்லிவிட்டுப் போவான். அவள் அவனைக் கூப்பிடவில்லை. மண் மேட்டைப் பார்த்தாள்.

"மொராயோ," என்றாள்.

அவர் தூரிகையை நனைத்து முதல் எழுத்தைத் தொடங்கினார்.

"மொராயோ," என்றாள் அபேகே மறுபடியும். இந்தத் தடவை குரல் பெரிதாக வந்தது. தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுதும்மா, எழுதிட்டிருக்கேன்," என்றார்.

எழுதி முடித்துப் பலகையை மண்ணில் ஊன்றிவிட்டு, டப்பாவை மூடி எழுந்தார். "பெயிண்டு காய நேரமாகும்மா. நீங்க கெளம்புங்க."

"காயட்டும்," என்றாள் அபேகே. இஷோலாவின் செருப்பு பெரிதாக இருந்தது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.